பதினோராம் மாடி

பாலத்தில் ஏறும்போதே பெட்ரோல் முள்
சிவப்பைத் தொட்டிருந்தது.
ரூபிணி அதன்மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினாள்.
பார்க்காவிட்டால் தீராது என்றாள்.

மூவாரில் மழை.
போர்ட் டிக்சனில் ஒரு கல்யாணக் கூட்டம்
எங்களை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்துச் சோறு போட்டது.
லுமுட்டில் கடற்படைப் பையன்கள்
கை வலிக்கத் தட்டினார்கள், காசு போடவில்லை.
அதுவும் வரவுதான்.
'கைதட்டல், ஏராளம்' என்று நோட்டில் எழுதி
டோல் செலவுக்கு எதிரே கோடு போட்டிருக்கிறேன்.

பத்து ஃபெரிங்கி இரவுச் சந்தையில்
போலிக் கடிகாரங்களுக்கும் சாத்தே புகைக்கும் நடுவில்
ஒன்றரைப் பாய் அகலம் கிடைத்தது.
அவளுக்கு வயலின்.
எனக்கு ஒரு மரப்பெட்டி,
அதன்மேல் உட்கார்ந்து அதையே அடிப்பேன்.
தொழில் என்னவென்று குடிநுழைவுப் படிவத்தில் கேட்டால்
இதை எப்படி எழுதுவது?

உப்புக் காற்றில் தந்தி இளகிக்கொண்டே போகிறது.
தொடங்கிய சுருதியில் எந்த மெட்டும் முடிவதில்லை.
கண்டுபிடித்தவர் ஒருவர்தான்,
கச்சான் பூத்தே விற்பவர்:
'கொஞ்சம் எறங்குது, தங்கச்சி.'
சொல்லிவிட்டு ஒரு கூம்பு கடலை நீட்டினார்,
ஏதோ அவர்தான் இறக்கிவிட்டதைப் போல.

கடைசி ஓட்டலைத் தாண்டிச் சவுக்கு மரங்களின் கீழ்
ஆரஞ்சு நிறக் கூடாரம்.
டார்ச்சைக் கம்பியில் மாட்டிவிட்டு எண்ணினோம்:
நாற்பத்து மூன்று வெள்ளி அறுபது காசு,
ஒரு தாய்லாந்து நாணயம்,
எந்த ஊர்ச் சலவைக் கடையுடையதோ, ஒரு வில்லை.
அப்புறம் ஓர் அட்டை. ஓட்டல் அறைச் சாவி.
காகித உறையில் நீல மையில் 1107.

'நாளைக்குக் குடுத்துடலாம்' என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
'இப்பவே குடுத்துடலாம்.'
இரண்டாவது வாக்கியம் வேறு மொழி
என்பது இருவருக்கும் தெரியும்.

பளிங்குத் தரையில்
எங்கள் செருப்பு மணல் கோடு போட்டுக்கொண்டே வந்தது.
நேப்பாளக் காவலாளி கோட்டைப் பார்த்தார்,
எங்களைப் பார்த்தார்,
பிறகு கடலைப் பார்க்கத் தொடங்கினார்.
அட்டை தொட்டதும் லிஃப்ட் எங்களை நம்பியது.

கம்பளத்தில் காலடி கேட்கவில்லை.
நம் சத்தம் நமக்கே கேட்காத இடத்தில்
ஓர் இரவுக்கு அறுநூறு வெள்ளியாம்.
ஒரு கதவோரத் தட்டில் பாதி ரொட்டி,
பிரிக்காத ஜாம் இரண்டு.
(ஜாம் பற்றி ரூபிணியின் பையைக் கேளுங்கள்.)

1107க்குள் தொலைக்காட்சி ஓடியது,
ஒரு பிள்ளை குதித்துக்கொண்டிருந்தது, மெத்தையில்தான்.
அவர்களிடம் இன்னொரு சாவி இருந்திருக்கிறது.
அட்டையைப் பூட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்தபடி
நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்பதை
நோட்டில் எழுதவில்லை.

தாழ்வாரத்தின் கோடியில் சன்னல்.
ரூபிணி நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக் கீழே பார்த்தாள்.
கறுப்பாகக் கடல்,
கறுப்பின் ஓரத்தில் ஆரஞ்சாய் ஒரு துளி.
'யாரோ கூடாரம் போட்டிருக்காங்க' என்றாள்.
'குடுத்து வச்சவங்க.'
சொல்லி முடித்த பிறகுதான்
டார்ச்சை அணைக்காமல் வந்தது நினைவுக்கு வந்தது.

சிரிக்கவில்லை.
அங்கிருந்து பார்த்தால் உள்ளே இரண்டு பேர்
குனிந்து எதையோ எண்ணுவது போலத்தான் இருந்தது.
அவர்கள் மேலே நிமிர்ந்து பார்ப்பார்களோ என்று
ஒரு கணம் பின்வாங்கினேன்.

அட்டையைக் கதவுக்கு அடியில் தள்ளினோம்.
லிஃப்டை நாங்கள் நம்பவில்லை, இப்போது.
பதினோரு மாடியும் படியில்.

கடற்கரையில் பாதி தூரம் வந்திருப்போம்,
துளி அணைந்தது. பாட்டரி.
அதன்பிறகு எல்லாச் சவுக்கு மரமும் ஒன்றுதான்.
தடவித் தடவி நடந்து
கயிறு காலைத் தடுக்கி விழுந்தபோது
வீடு வந்துவிட்டது என்று தெரிந்தது.

இருட்டிலேயே கணக்கு எழுதினேன்.
காலையில் பார்த்தால்
வரிமேல் வரி ஏறிக் கிடந்தது:
பாட்டரிக்கு ஒதுக்கிய நாலு வெள்ளியும்
ஜாம் இரண்டும்
கைதட்டலின் மேல் உட்கார்ந்திருந்தன.
ரூபிணி ரொட்டியில் தடவியபடி
அடுத்தது கோலா பெர்லிஸ் என்றாள்.
ஸ்டிக்கரின் ஒரு மூலை உரிந்திருந்தது.
நான் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன்.